மாவ்பிச் சேற்றில் ஒற்றை ஸ்கீ

ஒரு மனிதருக்கு நல்ல முழங்கால் ஒன்று, அடிபட்ட முழங்கால் ஒன்று. பனியில் சறுக்கிப் போக அவர் கட்டிக்கொள்ளும் ஸ்கீயிலும் நல்லது ஒன்று, சுமாரானது ஒன்று. நல்ல ஸ்கீயை எந்தக் காலுக்குக் கொடுப்பது? ரங்கூனிலிருந்து திரும்பி மூன்று மாதமாகிறது. நான் கேட்காத ஆளில்லை. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அந்த மனிதர் என் கணவர். மணாலிக்கு மேலே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். மலைச்சரிவுகளில் ஏறி, பனி எவ்வளவு ஆழம், எவ்வளவு இறுக்கம் என்று அளந்து வருவது அவர் உத்தியோகம். அதற்கு அலுவலகம் கொடுத்த ஸ்கீ அவரை விட மூத்தது. ஒல்லியாக, வளையாமல், வேலிக் கம்பு போல் இருக்கும். ஆள் விழுந்தால் காலணியைப் பிடித்திருக்கும் கொக்கி தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். போன குளிர்காலத்தில் அவர் விழுந்தபோது அது கழலவில்லை. ஸ்கீ ஒரு பக்கம் திரும்பியது, இடது முழங்கால் மறுபக்கம் திரும்பியது. இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். புது ஸ்கீ கேட்டதற்கு நிதி இல்லை என்றார்கள். அதே மாதம் மேலதிகாரியின் அறைக்குப் புது சோபா வந்து இறங்கியது. அதில் உட்கார்ந்து பனியை அளக்க முடியுமா என்று நான் கேட்டிருப்பேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே நானே வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் எதை வாங்குவது? அவர் போகும் பனி ஒரே பனி அல்ல. காலையில் அது கண்ணாடி. மதியம் குழைந்த கஞ்சி. புதிதாகப் பெய்த அன்று முழங்கால் ஆழத்துக்கு மாவு. காற்றடிக்கும் முகட்டில் காய்ந்த ரொட்டி. ஒல்லியான ஸ்கீ கண்ணாடியைக் கடித்துப் பிடிக்கும், மாவில் புதைந்துவிடும். அகலமானது மாவில் மிதக்கும், கண்ணாடியில் வழுக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கடக்கிறவருக்கு நடுத்தரம்தான் சரி என்று அவருடைய சக ஊழியர் டோர்ஜே எனக்குப் பாடம் எடுத்தார். பாதத்துக்குக் கீழே எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். நிறுத்தி வைத்தால் அவர் மூக்கு வரை உயரம். கையால் அழுத்தினால் கொஞ்சம் வளைந்து உடனே நிமிர வேண்டும். ஓரத்தில் ஓடும் இரும்பு விளிம்பு நகத்தைச் சீவ வேண்டும். அவருடைய காலணியின் அடியை ஒரு அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டேன். இது 2006-ஆம் ஆண்டு. டெல்லியில் இப்படி ஒரு புது ஜோடிக்குச் சொன்ன விலையைக் கேட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ரங்கூனிலிருந்து மங்களம் சித்தி கூப்பிட்டார். ஆனி மாதம் மகள் கல்யாணம். நீ வரணும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரணும். பேச்சுவாக்கில் நான் ஸ்கீயைப் பற்றிப் புலம்பியபோது, "அந்த வளைஞ்ச கட்டையா? ஜப்பான் கப்பல் சாமான்ல அது கத்த கத்தயா வருதே. எங்க தெருவுல அதுல துணி காயப்போடுறாங்க" என்றார். நான் உடனே டிக்கெட் எடுத்தேன்.

சனிக்கிழமை. கல்கத்தாவிலிருந்து விமானம். இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தேன். கொட்டும் மழை. ஊருக்குள் வர டாக்ஸிக்கு ஐயாயிரம் சாட். அன்று ஒரு டாலருக்கு ஆயிரத்து முந்நூறு சாட் வரை கொடுத்தார்கள். டாக்ஸியில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓட்டுநர் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் மூன்று வயது மகள் கயல் நனைந்துவிட்டாள். சளி பிடிக்குமோ, காய்ச்சல் வருமோ, எதற்காகப் புறப்பட்டோம் என்று சித்தி வீடு இருக்கும் பபேடான் வரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். தெருவில் இறங்கினால் ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் கோயில் மணி, நடுவில் எண்ணெய்ச் சட்டியில் பொரியும் வடை. கயல் வடையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நன்றாக நடந்தது. மேடையில் நின்றபோதும் என் கண் பந்தல் கால்களில்தான் இருந்தது, எங்காவது ஸ்கீ கட்டியிருக்கிறார்களா என்று.

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. சித்தி என்னைப் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரரின் முன்னோர் நாகூர்க்காரர்கள். தெருவே அவரை நானா என்று அழைக்கிறது. ஜப்பானில் வேண்டாம் என்று கழித்ததெல்லாம் அங்கே குவிந்திருந்தது. சோற்றுப் பானைகள், தள்ளுவண்டிகள், கோல்ஃப் மட்டைகள். மூலையில் ஒரு தகரப் பீப்பாயில், கரும்புக்கட்டு போல ஸ்கீகள்.

நான் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். நானா சித்தியைப் பார்த்தே கேட்டார்: "தங்கச்சி என்ன பண்றாக? தையக் கடையா?"

"அவ புருசன் பனியில வழுக்கி வெளயாடுற வேலையில இருக்கான்" என்றார் சித்தி.

"விளையாடவில்லை, அளக்கிறார்" என்றேன். யாரும் கேட்கவில்லை. அந்தக் கடையில் நின்ற ஒரு மணி நேரமும் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சித்திக்குத்தான் போனது. வாங்குகிறவள் நான், பணம் என் கையில். இருந்தும் நான் ஏதோ சித்தி கூட்டி வந்த பிள்ளை.

ஒன்று கிடைத்தது. சிவப்பு. அகலம் சரி, உயரம் சரி. கொக்கிகள் கிண்ணென்று இருந்தன. அட்டையை வைத்துப் பார்த்தேன், ஒரு விரல் அளவு திருகி நகர்த்தினால் பொருந்திவிடும். விளிம்பு நகத்தைச் சீவியது.

"இதுக்கு ஜோடி எங்கே, நானா?"

"ஜோடியா?"

"இது இரண்டு இரண்டாக இருக்கும். காலுக்கு ஒன்று."

நானா இப்போதுதான் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "தங்கச்சி, இது பங்குச் சாமான். நானும் ஆத்துப் பக்கம் க்யிம்யிண்டைங்ல கடை வச்சிருக்குற ஊ மியின்ட்டும் சேந்து எடுக்குறது. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஆளுக்கு ஒண்ணு. இருவது வருசமா எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்ததில்ல."

"எல்லா ஜோடியையும் அப்படிப் பிரித்துவிட்டீர்களா?"

"நியாயமாப் பிரிச்சோம்."

"செருப்பு வந்தாலும் அப்படித்தான் பிரிப்பீர்களா?"

"செருப்புல எடது வலது இருக்கு. இதுல எது எடது, எது வலது? நீங்களே காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. ஸ்கீயில் இடது வலது கிடையாது. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பீப்பாயில் இருந்த அத்தனையும் ஒற்றை. யாரோ ஒருவருடைய கால்களைக் காப்பாற்றச் செய்த சாமானை இரண்டு நேர்மையான மனிதர்கள் நியாயம் என்ற பெயரில் பாழாக்கியிருந்தார்கள். ஏமாற்றுக்காரர்களாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"ஒத்தக் கட்டைய வச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்காத, வா போகலாம்" என்றார் சித்தி. நான் நாலாயிரம் சாட் கொடுத்து அந்த ஒற்றையை வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை. சித்தி, நான், கயல், சிவப்பு ஸ்கீ, நால்வரும் டாக்ஸியில் க்யிம்யிண்டைங் போனோம். ஆயிரத்து ஐந்நூறு சாட். ஆற்றங்கரை, படகுத்துறை, தலையில் வாழைத்தாரோடு ஏறி வரும் பெண்கள். ஊ மியின்ட்டின் கடை துறைக்குப் போகும் வழியில் இருந்தது. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, மிகுந்த மரியாதை. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் நீளமாகப் பேசினார். சித்தி கட்டையாக மொழிபெயர்த்தார்.

அவர் கடைக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்து வந்து என்னுடையதன் பக்கத்தில் நிறுத்தினார். அதே நிறம், அதே உயரம். ஒரு கணம் கும்பிடப் போனேன். பிறகு டேப்பை வைத்தேன். பத்து சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. ஆழமான புதுப் பனிக்கு மட்டும் ஆகிற அகலக் கட்டை.

"இது அதுக்கு ஜோடி இல்லை."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"நெறமும் ஒண்ணு, ஒசரமும் ஒண்ணு, கல்யாணத்துக்கு இத விட என்ன பொருத்தம் பாக்குறீங்கன்னு கேக்குறாரு" என்றார் சித்தி. சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலுக்கு ஒல்லி, ஒரு காலுக்கு அகலம் என்று கட்டிக்கொண்டு உறைபனியில் என் கணவர் திரும்பினால் என்னாகும் என்று இவர்களுக்கு எப்படி விளக்குவது? சொன்னேன். சித்தி முழுவதையும் மொழிபெயர்த்தாரா என்று தெரியவில்லை. முழங்கால் என்பதற்குத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். ஊ மியின்ட்டின் முகம் மாறியது. உள்ளே போய்த் தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: அந்த இன்னொன்றை மாவ்பியில் ஒரு விவசாயி வாங்கிப் போனார், உங்கள் தமிழர்தான். நடவு நேரத்தில் விலைக்குக் கொடுக்க மாட்டார். பதிலுக்குக் கட்டை கொடுத்தால் கொடுப்பார். இந்த அகலத்தைக் கொண்டு போங்கள், காசு வேண்டாம்.

பங்குச் சாமான், நானாவுக்குப் பாதி போகுமே என்று சித்தி கேட்டதற்கு, இது தன் பங்கில் வந்த ஒற்றை, தன் இஷ்டம் என்றாராம். அவர்மேல் கோபமாக இருக்கவேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று முடியவில்லை.

புதன்கிழமை, காலை ஏழு மணி. மாவ்பி முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. லைன் கார் என்று அழைக்கும், பின்னால் பெஞ்சு போட்ட சிறு லாரியில் தலைக்கு நானூறு சாட். இரண்டு ஸ்கீக்கும் சேர்த்து இன்னொரு நானூறு வாங்கிக்கொண்டார் நடத்துநர். அவை உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் வந்தன என்று வாதாடினேன். பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த பெண்மணி நடத்துநரின் பக்கம் பேசினார். இரண்டு மணி நேரம் மழைச் சாரலில் கயல் என் மடியில் தூங்கினாள். கன்னத்தில் சித்தி பூசிய தனக்காச் சந்தனம் கரைந்து என் தோளில் ஒட்டியது. அவள் நெற்றியை எத்தனை முறை தொட்டுப் பார்த்தேனோ.

சாலையிலிருந்து வரப்பில் நடந்து போனோம். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர் நின்ற வயல். அங்கே, சேற்றின் நடுவில், என் கணவரின் வலது காலோ இடது காலோ போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு ஸ்கீயின்மேல் பிளாஸ்டிக் மீன்பெட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டி, பெட்டி நிறைய நாற்றுக்கட்டு அடுக்கி, ஒரு பெண் கொக்கியில் முடிந்த கயிற்றைப் பிடித்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

"ஆணி அடித்தீர்களா?" என்று வரப்பிலிருந்தே கத்தினேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் பெயர் லச்சுமி. ஊ, கோ, மா என்று பெயருக்கு முன் மரியாதைக்குச் சேர்ப்பது அந்த நாட்டு வழக்கம் என்பதால் ஊரில் மா லச்சுமி. அவர் கணவர் கோ முனியாண்டி வரப்பில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பர்மிய மொழிதான் சரளம். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"ஆணி இல்ல. இரும்பு இருக்கு, கயிறு கட்ட" என்று கொக்கியைக் காட்டினார்.

நல்லவேளை, கொக்கிகள் முழுதாக இருந்தன, சேறு அப்பியிருந்தது. கழுவிப் பார்த்தேன். அகலம், உயரம், மேலே அச்சிட்ட எண் எல்லாம் அச்சு அசல். ஆனால் நடுவில், பாதம் நிற்கும் இடத்தில், இரண்டு பக்கத்து விளிம்பும் ஒரு சாண் நீளத்துக்குத் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிட்டன. வரப்புக் கல்லில் ஏற்றி இறக்கிய கீறல்கள் வேறு. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சேற்றில் போடவா இதைச் செய்தார்கள்?

"இத எனக்குக் கொடுங்க, அக்கா. பதிலுக்கு இந்த அகலமானதைத் தருகிறேன்."

மா லச்சுமி அகலக் கட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "இத குடுத்துட்டு நான் எதுல நாத்து இழுக்குறது? பழைய பலகையில மூக்கு குத்திக்கும். இதுக்கு மூக்கு மேல பாத்து இருக்கு. இது நல்லாத்தான் போகுது."

"அதுவும் போகும். இதைவிட நன்றாகப் போகும்."

"நீங்க இழுத்துப் பாத்தீங்களா?"

அது நியாயமான கேள்வி. டோர்ஜே சொன்னதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஆனால் அத்தனை தூரம் வந்துவிட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அகலம் அதிகமானால் மெத்தென்ற இடத்தில் மிதக்கும் என்று, பனியைப் பற்றிப் படித்ததையெல்லாம் சேற்றைப் பற்றிச் சொன்னேன். கோ முனியாண்டி பெட்டியை அகலக் கட்டையில் மாற்றிக் கட்டினார். நாற்று ஏற்றுவதற்குள் கயல் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள். அட்டைப்பூச்சி, சாணி, சேற்றுப்புண் என்று ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வர, மா லச்சுமி அவளை வயலின் மறுகோடி வரை இழுத்துப் போனார். கட்டை தண்ணீர்மேல் போவதுபோலப் போனது. கயலின் சிரிப்பு அந்த வரப்பு வரை கேட்டது.

திரும்பி வந்தவர் கயிற்றை விடவில்லை. "நல்லா மெதக்குது. பாரமே தெரியல." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏம்மா, நல்லத எங்கிட்ட குடுத்துட்டு மட்டமானதப் புருசனுக்குக் கொண்டு போறீங்களே?"

சித்தி வாய்விட்டுச் சிரித்தார். "நானும் அதத்தான் நெனச்சேன், லச்சுமி."

"காலையில் அங்கே கண்ணாடி போல் உறைந்திருக்கும், அக்கா. அதில் அகலக் கட்டை நிற்காது" என்றேன். என் குரலே எனக்கு உறுதியாகக் கேட்கவில்லை. ஒருவேளை அகலம்தான் சரியோ? ஆழமான பனியில்தானே ஆட்கள் புதைகிறார்கள்? ஆனால் அவர் விழுந்தது உறைபனியில். நான் துருப்பிடித்ததை எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது கோ முனியாண்டி கேட்டார்: "தேஞ்சது எந்தக் காலுக்கு?"

அந்தக் கேள்வியோடுதான் ரங்கூனை விட்டுக் கிளம்பினேன். சித்தியின் பழைய கைலி இரண்டைச் சுற்றிக் கட்டிய பொட்டலத்தை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பிரித்துப் பார்த்தார். அதிக நீளம் என்று பத்து டாலர் கேட்டார்கள். நிறை கூடியதற்கு வாங்கினால் புரிகிறது, நீளத்துக்கு எதற்கு என்று கேட்டேன். கொடுத்தேன்.

வீட்டில் டோர்ஜே துருவைச் சுரண்டி, விளிம்பை அரத்தால் தீட்டினார். கொக்கிகளைச் சோதித்தார்கள். இரண்டும் ஒழுங்காகக் கழல்கின்றன. அந்த வரைக்கும் நிம்மதி. ஆனால் சேற்றில் கிடந்த ஸ்கீயின் விளிம்பு அந்த ஒரு சாண் தூரத்தில் மெலிந்துவிட்டது, உறைபனியில் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும் என்கிறார் டோர்ஜே.

வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது காலில் விழும். அதுதான் அடிபட்ட கால். அதற்கு நல்ல ஸ்கீயைக் கொடுத்தால் அது பனியை இறுகப் பிடிக்கும், பிடிக்கிற விசை முழுவதையும் அந்த முழங்கால்தான் தாங்க வேண்டும். சுமாரானதைக் கொடுத்தால் விசை குறையும், ஆனால் திடீரென்று வழுக்கினால் அதே முழங்கால்தான் முறுக்கும். டோர்ஜே முதலாவது என்கிறார். அவருடைய அண்ணன் இரண்டாவது என்கிறார். என் கணவர் தினம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்று சிரிக்கிறார். அலுவலகத்தில் கேட்டதற்கு, சொந்த ஸ்கீயில் விழுந்தால் அலுவலகம் பொறுப்பல்ல என்று மட்டும் சொன்னார்கள். அவர்களுடைய ஸ்கீயில் விழுந்தபோது மட்டும் என்ன பொறுப்பேற்றார்களாம்?

ரங்கூனில் நிறம் பார்த்துப் பங்கு பிரித்தவர் கூட முழங்கால் என்றதும் கட்டையை இனாமாகக் கொடுத்தார். வயல் வரப்பில் உட்கார்ந்து புகைத்தவர் கூட எந்தக் காலுக்கு என்று கேட்டார். இங்கே அளக்க அனுப்புகிறவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.

மார்கழிக்குள் சரிவுகளில் பனி இறங்கிவிடும். இதைப் படிப்பவர்களில் எலும்பு வைத்தியர்கள் இருக்கலாம், மலையில் பணிபுரிந்த ராணுவத்தார் இருக்கலாம், முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுகிறவர்களாவது இருப்பீர்கள். தயவுசெய்து யோசித்து எழுதுங்கள். இரண்டு ஸ்கீகளும் சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. மாவ்பியிலிருந்து வந்ததில் அடையாளத்துக்கு நகப்பூச்சால் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு வைத்தது எந்தக் காலுக்கு என்று மட்டும் சொன்னால் போதும்.